நாலு மணிப் புகை

"அப்பா, நீங்க அட்டையைத் தூக்கினதும் புகை பயந்து வெளுத்துப்போயிடுமா?"

தீவுத் துறைமுக ஊரான ஹேடோவில் ஒரு மர மில்லில் கிளார்க்காக இருந்த ராஜமாணிக்கத்திடம் அவருடைய மகள் நீலாவதி ஒருமுறை இப்படிக் கேட்டாள். அவர் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வி மனசில் தைத்துவிட்டது.

தினமும் மாலை நாலு மணிக்கு மில்லின் புகைபோக்கிக்கு எதிரே நின்று, வெள்ளையிலிருந்து கறுப்பு வரை கட்டம் போட்ட ஓர் அட்டையைக் கை நீட்டிப் பிடிப்பது அவர் வேலை. எந்தக் கட்டத்தின் நிறம் புகையோடு ஒத்துப்போகிறதோ, அந்த எண்தான் அன்றைய புகை. மாதக் கடைசியில் அவர் கையெழுத்தோடு அது கல்கத்தா கம்பெனிக்குப் போகும், அங்கிருந்து சர்க்காருக்கு. எழுபத்திரண்டாம் வருஷம் முழுக்க 'ஒன்று' என்றே போயிருந்தது. ஒன்று என்றால் கிட்டத்தட்ட வெள்ளை, ஐந்து என்றால் முழுக் கறுப்பு.

அப்படியானால் குவார்ட்டர்ஸ் தகரக் கூரைகளில் படிகிற கரி எங்கிருந்து வருகிறது? கொடியில் காயப்போட்ட வேட்டியில் கரி ஏன்?

சந்தேகம் பாய்லர் பார்க்கும் சின்னப்பன் மேல் விழுந்தது. மேனேஜர் சொல்லிக்கொடுத்து, அட்டை பிடிக்கிற நேரத்துக்கு மட்டும் இந்த ஆள் ஏதோ செய்கிறார். அடுத்த கப்பலில் மெயின்லேண்டிலிருந்து சோதனைக்கு வருகிறார்களாம். பொய் வெளிப்பட்டால் கையெழுத்துப் போட்டவனுக்குத்தானே வேலை போகும்?

மறுநாள் நாலு மணிக்கு முன்னாலேயே போய் மரக்கட்டை அடுக்குக்குப் பின்னால் நின்றார். ஈர மரத்தூள் எரிந்து, புகை தார் போலப் போய்க்கொண்டிருந்தது. சின்னப்பன் மூலையிலிருந்த ஒரு விறகு மூட்டையைப் பிரித்துக் காய்ந்த படாக் மரத் துண்டுகளை அடுப்பில் போட்டார். சற்று நேரத்தில் புகை வெளுத்தது.

"யார் செய்யச் சொன்னது? மேனேஜரா?"

சின்னப்பன் திடுக்கிட்டுத் திரும்பினார். "விறகு மில்லுது இல்லீங்க சார். என் பங்கு."

வீட்டு அடுப்புக்கென்று எல்லாருக்கும் வாராவாரம் காய்ந்த கட்டைத் துண்டு கொடுப்பது மில் வழக்கம்.

"உங்க பங்கை இங்க எதுக்கு எரிக்கிறீங்க?"

சின்னப்பன் கரிக்கையால் ரோட்டைக் காட்டினார். பள்ளி விட்டு நீலாவதி வந்துகொண்டிருந்தாள். "ரெண்டு வருஷம் முன்னாடி மழையில பாப்பா அந்த மதகு மேல உக்காந்து மூச்சு வாங்கிட்டிருந்துச்சு. இந்தப் புகைதான். அது தாண்டிப் போற வரைக்கும் காஞ்சது போடுறேன்."

"அட்டை?"

"நீங்க அட்டையை வச்சுக்கிட்டு நிக்கிறதைப் பார்ப்பேன். வெயிலுக்குப் பிடிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

ராஜமாணிக்கம் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அப்ப உங்க வீட்ல?"

"வீட்டுக்காரி சிசிலியா ஈரத் தென்னமட்டையை வச்சு ஊதிக்கிட்டுக் கெடக்கா. விறகு எங்கேன்னு கேட்டா, கடல்ல விழுந்துட்டுதுன்னு சொல்லிருக்கேன். அவளும் நம்பல."

புகை குறையவில்லை, சிசிலியாவின் கண்ணுக்கு இடம் மாறியிருந்தது. எந்த அட்டையும் அங்கே போய் நிற்கவில்லை.

அன்றிலிருந்து ராஜமாணிக்கம் காலையிலும் மதியத்திலும் அட்டை பிடித்தார். நாலு, நாலு, ஐந்து. மாதக் கடைசியில் மேனேஜர் தாளைத் தள்ளினார்.

"யே க்யா ஹை? என்ன இது? நாலு மணிக்குப் பார்த்தா போதாதா? பாய்லர்வாலா சரியில்லையா, ஆளை மாத்திடலாமா?"

"ஆள் சரிதான், சாப். தூள் ஈரம். ஒரு கொட்டகை போட்டுக் காயவெச்சா புகை குறையும். நாள் முழுக்க எரியறதை நாலு மணிக்கு மட்டும் பார்த்து எழுத என்னால ஆகாது."

"நாளைக்கு உன்னையே மாத்தினா?"

"மாத்துங்க, சாப். இந்த மாசம் எண் இதுதான்." கையெழுத்து நேராகவே விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மணி அடித்து, சின்னப்பன் குடும்பம் பூசைக்குப் போனது. ராஜமாணிக்கம் தன் பங்கு விறகுக்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுப் பின்பக்கம் போனார். அடுப்படிச் சுவரோரம், மழை படாத இடமாகப் பார்த்து, ஒவ்வொரு துண்டாகச் சத்தமில்லாமல் அடுக்கினார். ஈர மட்டைகளை எடுத்து வெயிலில் பரப்பினார்.

பூசை முடிந்து மணி அடித்தபோது அவர் ரோட்டுக்கு வந்து, சட்டையில் ஒட்டிய சிராய்களைத் தட்டிக்கொண்டிருந்தார்.