தண்டரா மண்ணுக்குக் காவல்

கியூபெக்கின் வட கோடியில், மரம் முளைக்காத தண்டரா நிலத்தில் வெட்டியெடுத்த மண், உறைந்தது உறைந்தபடியே மொன்றியலுக்கு வந்து, பல்கலைக்கழகமொன்றின் நிலவறையில் குடியிருந்தது. அதற்குக் கிடைத்த மரியாதை செல்வமலருக்குக் கிடைக்கவில்லை. எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய் என்று அந்த மண்ணை யாரும் குடையவில்லை. அவளுடைய அகதிக் கோரிக்கையை விசாரிக்க இன்னும் நாள்கூடக் குறிக்கவில்லை. வந்து ஒன்றரை வருடம்.

மட்டக்களப்பில் அவள் இரசாயனம் படிப்பித்த ஆசிரியை. இங்கே மண்ணுக்கு ஆயா. குளிரறைக்குள் வரிசையாக நிற்கும் கண்ணாடி உருளைகளில் அந்த மண் இருந்தது. குளிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் மண் உருகும். உருக உருக, காலங்காலமாக உள்ளே அடைபட்டிருந்த காபனீரொட்சைட்டு வாயுவும் மெதேனும் வெளியே வரும். எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை உள்ளே போய், உருளை மூடியிலுள்ள ரப்பர் அடைப்பில் ஊசியைக் குத்தி, காற்றை உறிஞ்சி எடுத்து வந்து வெளியேயுள்ள இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். உருளைக்குப் பக்கத்தில் நின்று தாராளமாக மூச்சும் விடக்கூடாது. மனிதர் விடும் மூச்சு கணக்கைக் கெடுத்துவிடும்.

ஒரு தடவை உருகிய மண்ணை மறுபடி முதலிலிருந்து அளக்க முடியாது. பேராசிரியர் இன்னும் மண் வெட்டிவர வடக்கே போய்விட்டார். போகும்போது, தலை போகிற காரியமென்றாலும் சனிக்கிழமை முழுக்க நிலவறையை விட்டு அசையாதே என்று சொல்லிவிட்டுப் போனார். தலை போகிற காரியம் அன்றைக்கே வருமென்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவளுடைய கணவன் நகுலேஸ்வரன் அந்தச் சனிக்கிழமை பிராங்போட் விமான நிலையத்தில் இருந்தான். கையில் யாரோ ஒருவனுடைய பாஸ்போட். அங்கே விமானம் மாறினால் மொன்றியல். மாட்டிக்கொண்டால் திரும்பவும் கொழும்பு. கொழும்பில் இறக்கினால் என்ன நடக்கும் என்பதை இருவரும் பேசிக்கொள்வதில்லை. அவனுடைய தம்பி அப்படித்தான் போனான்.

சிங்கப்பூரிலிருந்து அவன் கடைசியாகப் பேசியது இவ்வளவுதான்.

"பிளேனுக்கு ஏறக் கூப்பிட்ட உடனே ஒருக்கா அடிச்சிட்டு வெச்சிருவன். நீ எடுக்கப்படாது. எடுத்தா காசு போயிரும், என்னட்ட வேற சில்லறை இல்ல."

"பிடிச்சிட்டாங்க எண்டா?"

"அப்ப விடாம அடிப்பன். அடிச்சிட்டே இருந்தா மட்டும் எடு."

ஊரை விட்டு வந்த சனமெல்லாம் இப்படித்தான் பேசாமல் பேசியது. ஒருமுறை அடித்து ஓய்ந்தால் சுகம், ஓயாவிட்டால் ஆபத்து. டெலிபோன் கம்பனிக்காரன் ஒரு சதம்கூடக் காணமாட்டான். ஆனால் அவள் இருந்த நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதி வீட்டில் இது நடக்காது. ஒன்பது பேருக்கு ஒரு தொலைபேசி. அது வாய் திறக்குமுன்னே நாலு பேர் பாய்ந்து எடுத்துவிடுவார்கள். அதனால்தான் ஆய்வுகூட இலக்கத்தைக் கொடுத்திருந்தாள். சனிக்கிழமையில் நிலவறையில் ஈ காக்கை இருக்காது.

அதே வீட்டிலிருந்த ஞானேந்திரன் ஒரு லோயரையும் பிடித்து வைத்திருந்தார். லோயர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: பிடிபட்டால் உடனே எனக்குச் சொல்லுங்கள். பிராங்போட்டில் என் நண்பர் மூலம் பொலிசுக்குப் பெயரைக் கொடுத்து, அங்கேயே அகதிக் கோரிக்கை வைப்போம், பிறகு கொழும்புக்கு ஏற்றமாட்டார்கள். ஆனால் பிடிபட்டால் மட்டும்தான். பிடிபடாத மனிதனின் பெயரைக் கொடுத்தால் நாமே காட்டிக்கொடுத்தது போலாகிவிடும்.

காலையில் மூன்றாவது உருளைக்குள் ஊசியைக் குத்திய நேரம், தடித்த கதவுக்கு வெளியே, நடையிலிருந்த தொலைபேசி அடித்தது. அவள் அப்படியே நின்றாள். ஒரே ஒரு முறை. ஓய்ந்தது.

செல்வமலருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உருளையைப் பார்த்து அழக்கூடாதென்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். ஏறிவிட்டார். இரவைக்கு ஆள் இங்கே. அரிசி போதுமா என்றுகூட யோசித்தாள்.

ஊசியோடு வெளியே வந்தால் நடையில் ஜினெட் நிற்கிறாள். கூட வேலை செய்கிறவள், நல்லவள். பாவம் தனியாகக் கிடக்கிறாளே என்று கோப்பி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"உனக்கு இடைஞ்சலாக இருக்குமென்று மணி அடித்த உடனேயே எடுத்துவிட்டேன்" என்றாள் ஜினெட், பெருமையாக. "போன்ஜூர் என்றேன். ஒருவரும் பேசவில்லை. வைத்துவிட்டார்கள்."

கோப்பி நல்ல சூடாக இருந்தது. அதை வாங்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல் செல்வமலருக்கு இருந்தது. மணி ஓய்ந்தது அவன் நிறுத்தியதாலா, இவள் எடுத்ததாலா? விடாமல் அடிக்க நினைத்தவன் புரியாத பாஷையைக் கேட்டுப் பயந்து வைத்தானா? வந்தது சுகமா, ஆபத்தா? கேட்க இலக்கம் இல்லை. ஓடிப்போய்ப் பார்க்கச் சமுத்திரம் நடுவில். இந்த நிலவறையை விட்டுப் படியேறவே அவளுக்கு உத்தரவில்லை.

வீட்டுக்குப் போன் எடுத்தாள். ஞானேந்திரன் முழுவதையும் கேட்டார்.

"தங்கச்சி, பேசாமல் வைச்சவன் எண்டால் பக்கத்தில பொலிஸ் நிண்டிருக்கும். போன மாசம் ஸ்ரீதரனுக்கு என்ன நடந்தது? நாங்கள் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள திருப்பி ஏத்திப்போட்டாங்கள்."

"ஏறியிருந்தா அண்ணை?"

"ஏறியிருந்தால் இன்னொருக்கா அடிச்சுச் சொல்லியிருப்பானே. நான் லோயருக்குச் சொல்லட்டோ? சுணங்கினால் ஆளில்லை."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஞானேந்திரன் திரும்பக் கேட்டார்.

"சொல்லுங்க அண்ணை" என்றாள்.

அடுத்த அளவுக்கு நேரமாகிவிட்டது. உள்ளே போய், மூச்சை அடக்கி, ஊசியைக் குத்தினாள். இத்தனை காலம் பேசாமல் கிடந்த மண் இன்றைக்குத்தானா வாயைத் திறக்க வேண்டும் என்று அதன்மேல் ஆத்திரமாக வந்தது. அளவை எடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

அது அடித்தது.

ஜினெட்டின் கை பழக்கதோஷத்தில் நீண்டது. செல்வமலர் அவளுடைய மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பெண்களும் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாவது முறை அது அடிக்கவில்லை.

முதலில் வந்ததும் இதே சேதிதான். யாரோ எடுத்ததில் சேதியும் போய்ச் சேரவில்லை, காசும் போய்விட்டது என்று, முன்பின் தெரியாத ஒருவரிடம் கையேந்திச் சில்லறை வாங்கி மறுபடி அடித்திருக்கிறான். இவள் கவலைப்படக் கூடாதென்று. வரிசையில் ஏறப்போகிற அவசரத்திலும்.

வீட்டு இலக்கத்தைச் சுழற்றினாள். பேசிக்கொண்டிருக்கும் ஒலி. மறுபடி சுழற்றினாள். அதே ஒலி. லோயரின் இலக்கம் அவளிடம் இல்லை. அது ஞானேந்திரனின் சட்டைப்பையில் இருந்தது. வீட்டில் யாராவது ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கட்டும், அம்மாளாச்சி, யாராவது வீண்கதை பேசிக்கொண்டிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே சுழற்றினாள். ஜினெட் கடிகாரத்தைக் காட்டி, மண்ணுக்கு நேரமாகிறது, நான் போய் எடுக்கட்டுமா என்று கேட்டாள். செல்வமலருக்கு அது காதில் விழவில்லை.

கடைசியில் அழைப்பு போனது. ஞானேந்திரன் உடனேயே எடுத்தார். அவருடைய குரலில் அப்படியொரு ஆறுதல்.

"தங்கச்சியோ? இனிப் பயப்பிடாதையுங்கோ. லோயர் நான் லைனில இருக்கேக்கையே மற்ற லைனில பிராங்போட்டுக்கு எடுத்துப்போட்டார். பாஸ்போட்டில இருக்கிற பேர், சொந்தப் பேர், ரெண்டும் குடுத்தாச்சு. பொலிஸ் எழுதி எடுத்திட்டுதாம். பிளேன் இன்னும் வெளிக்கிடேல்லையாம். எல்லாம் சரியான நேரத்துக்கு நடந்திருக்கு."

செல்வமலர் சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்தாள். சொல்லாமலிருந்தால் அது நடக்காமல் போய்விடுமோ என்று ரிசீவரை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, லைனில நிக்கிறியளோ?"

"அவர் பிளேனுக்குள்ள இருக்கார் அண்ணை" என்றாள்.