ஜப்பான் சாப்பாட்டுக் கடையும் ஜெபல் அலி கேம்ப்பும்

அரபு நாட்டில், சத்வாவில் துணிக்கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்து ஃபாரூக், தனக்கு வேண்டிய பொருளை ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. பக்கத்துப் பொருளைத் தடவுவார், கொட்டாவி விடுவார், கடையை விட்டு இறங்கிப் பத்தடி நடப்பார். பதினோராவது அடியில் கடைக்காரன் கூப்பிடுவான். ஊரிலுள்ள மொத்த வியாபாரிகளை எல்லாம் இப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்திருந்தார்.

அல் குசைஸில் அவர் தங்கியிருந்த ரூமில் அவரோடு இரண்டு பேர். மொபைல் கடையில் வேலை பார்க்கும் அப்துல் ஹாதி, அவருடைய ஊர்க்காரன்; ஊர் வழக்கப்படி அவரை அண்ணன் என்ற பொருளில் காக்கா என்பான். ஏசி மெக்கானிக் சோலைமுத்து, சிவகங்கைப் பக்கம். முறை வைத்துச் சமைப்பதாகத்தான் ஆரம்பித்தார்கள். ஃபாரூக் சமைத்ததைச் சாப்பிட்ட அன்றே மற்ற இருவரும் கூடிப் பேசி முறையை ஒழித்துவிட்டார்கள். அதிலிருந்து சோலைமுத்துதான் சமையல்.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே மூவரும் ஒரு ஜப்பான் தொடர் பார்ப்பார்கள். துறைமுக ஊர் ஒன்றில் ஒரு விதவை சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். ரிட்டயரான பஸ் டிரைவர், மனைவி இல்லாத பல் டாக்டர், வீட்டை விட்டு வந்துவிட்ட ஒரு பெண். யாருக்கும் யாரும் உறவில்லை. தினமும் அங்கேதான் சாப்பாடு. ஒரு பாகம் முழுக்க முள்ளங்கி வெந்தது. கீழே ஓடும் இங்கிலீஷை அப்துல் ஹாதி தமிழில் சொல்லிக்கொண்டிருப்பான்.

"மூணு கஸ்டமரை வச்சுக்கிட்டு இந்தம்மா எப்படி வாடகை கட்டுது?" என்று வாராவாரம் கேட்பார் ஃபாரூக். ஒரு பாகத்தையும் விட்டதில்லை.

கடைசிப் பாகத்துக்கு முந்தைய ஞாயிறு சோலைமுத்து சொன்னான்:

"பாய், கம்பெனி ஜெபல் அலியில தொழிலாளிகளுக்குப் புதுக் கேம்ப் திறந்திருக்கு. தங்க, சாப்பிட எல்லாம் ஃப்ரீ. அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஃபோர்மேன்கிட்ட பேர் கொடுக்கணும். என்ன செய்யட்டும்?"

ஃபாரூக் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். போன வருடம் அவர் காய்ச்சலில் கிடந்தபோது இவன் ஃபோர்மேனுக்குப் போன் போட்டு, "வீட்ல உடம்பு சரியில்ல, லீவு வேணும்" என்று சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. அதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கொட்டாவி விட்டார். "நல்ல சான்ஸ் தம்பி. போயேன். எனக்கென்ன."

பதினோராவது அடிக்காகக் காத்திருந்தார். திங்கள் போனது, செவ்வாய் போனது. புதன்கிழமை சோலைமுத்து பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தான்.

"காக்கா, அவன் வியாபாரி இல்ல," என்றான் அப்துல் ஹாதி. "நீங்க போன்னா போயிருவான்."

"பொறு. திரும்பி வருவான்."

"அவன் இன்னும் போகவே இல்லையே காக்கா."

ஞாயிறு வந்தது. கடைசிப் பாகம். வீட்டை விட்டு வந்த பெண்ணுக்கு டோக்கியோவில் வேலை கிடைத்துவிட்டது. விதவை சோற்றை உருட்டிப் பொட்டலம் கட்டி, சிரித்த முகத்தோடு போய் வா என்றாள்.

ஃபாரூக் தட்டைத் தள்ளினார். "என்ன பொம்பளை இவ? வாயைத் திறந்து இருன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சிரும்?"

"அந்தம்மாவுக்கு வேணாம் போல பாய்," என்றான் சோலைமுத்து, மீன் முள்ளை ஒதுக்கியபடி.

"வேணாமலா விடியுமுன்ன எழும்பிச் சோறு உருட்டுது? கிறுக்குப் பயலே, அதுக்கு உசிரே போகுது. மூஞ்சியைப் பாத்தா தெரியல?"

"தெரியல. சிரிக்கத்தான செய்யுது? சொன்னாத்தான பாய் தெரியும்."

அப்துல் ஹாதி தமிழில் சொல்வதை நிறுத்திவிட்டான். ஃபாரூக் சோலைமுத்துவை நேராகப் பார்த்தார். பழக்கமில்லாததால் கண் கூசியது.

"போகாத," என்றார்.

"பாய்?"

"கேம்ப்புக்குப் போகாதடா. இங்கேயே இரு. நீ போனா எனக்குச் சரிவராது."

சோலைமுத்து வாயிலிருந்ததை மென்று முடித்தான். "இருந்தா, வெள்ளிக்கிழமை பாத்திரம் நீங்க கழுவணும்."

"சோத்துப் பானை மட்டும்."

"எல்லாம்."

"சரி."

சோலைமுத்து கையைக் கழுவிவிட்டு ஃபோர்மேனுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று இந்தியில் சொன்னான். அந்தப் பக்கம் காரணம் கேட்டிருக்க வேண்டும். "ஐசே ஹி பாய்," சும்மாதான் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

டிவியில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பெண் டோக்கியோவுக்குப் போனாளா இல்லையா என்று மூவரில் யாரும் பார்க்கவில்லை.

"பின்னாடி ஓட்டவா காக்கா?" என்றான் அப்துல் ஹாதி.

"ஓட்டு. அந்தப் பொம்பளைக்குப் புத்தி வந்துச்சான்னு பாப்போம்."