பழைய படத்தின் முடிவு

டி.வி.யில் கௌபாய் குண்டடிபட்டு விழுந்ததும் முத்துக்குமரன் ரிமோட்டைப் பாயில் எறிந்தான்.

"கெடுத்துட்டானுவ! பழைய படத்துல அவன் வீட்டுக்குத் திரும்பிடுவான்."

பக்கத்து வீட்டுச் சொக்கநாதன் சிரித்தான். "பழசையும் போன வாரம் செல்லுல பாத்தேன்டா. அதுலயும் செத்துத்தான் போவான். நீ என்னத்தக் கண்ட?"

"எனக்குக் கண்ணு இல்லன்னா என்ன, எங்கக்காவுக்கு இருக்குல்ல! சொல்லுக்கா, இவன் வாய அடை."

தையல்நாயகி முந்தானையைத் திருகினாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால், சோறு இறங்காமல் கிடந்த தம்பியைக் காரைக்கால் கொட்டகைக்கு இழுத்துப்போய், அந்த இங்கிலீஷ் படத்தை அவன் காதில் காட்சி காட்சியாகச் சொன்னவள் அவள்தான். அதை அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு உறுத்தும். ஆனாலும் திருத்தியதில்லை. இன்று அதே கதை புதுப்படமாகத் தமிழ் பேசிக்கொண்டு வந்துவிட்டது.

"சொக்கநாதன் சொல்றதுதாண்டா நெசம். நான்தான் மாத்திச் சொன்னேன்."

"இத்தன வருஷமா என்னைப் பைத்தியக்காரனாக்கிட்டியேக்கா! அப்ப குதிரை வாசல்ல வந்து நின்னுச்சே, அது?"

"குதிரை வந்துச்சு. குதிரை மட்டுந்தான் வந்துச்சு."

முத்துக்குமரன் பாயைத் தடவி ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தான்.

"அப்பா இல்லாம கட்டுமரம் மட்டும் வாஞ்சூர் கரையில ஒதுங்குன மாசம்தானே அது?"

அவள் தலையாட்டினாள். தலையாட்டியது அவனுக்குத் தெரியாதென்று உறைத்த பிறகு, "ஆமாண்டா" என்றாள்.