ஒரு நாள் பொட்டு

கொடைரோடு ஸ்டேஷனில் மதுரை வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. குழாயடிக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, பெருமாள்சாமி மடியிலிருந்து ஒரு குங்குமச் சிமிழை எடுத்து அண்ணன் மனைவி ஒச்சம்மாளிடம் நீட்டினார். அண்ணன் நல்லுசாமி செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவரைச் சுட்ட சாம்பல்தான் பெருமாள்சாமியின் இடது கையில், புளிச்சோற்றுத் தூக்குக்கு ஜோடியாக இன்னொரு பித்தளைத் தூக்கில், வாய் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"கோவிச்சுக்கிராதீக மதினி. வெள்ளைச் சேலையைக் கண்டா எழவு வீட்டு ஆளுன்னு தெரிஞ்சு ராமேஸ்வரத்துல மொச்சுப்புடுவாய்ங்க. கருமாதியில ஏமாந்தவன் திரும்பி வந்து சண்டைக்கு நிக்க மாட்டான்னு அவய்ங்களுக்குத் தெரியும். இன்னைக்கு ஒரு நாளைக்குத்தேன். எம் வீட்டுக்காரி சேலையும் எடுத்தாந்திருக்கேன்."

ஒச்சம்மாள் சிமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊருல தெரிஞ்சா?"

"ஊரா வந்து பாக்கப்போகுது? அங்கன நம்மள யாருக்குத் தெரியும்?"

அவள் சிமிழையும் சேலையையும் வாங்கிக்கொண்டாள். பெண்கள் வெயிட்டிங் ரூமுக்குள் போய்விட்டு வந்தாள். அரக்குச் சேலையும் நெற்றி நிறையக் குங்குமமுமாக அவள் வெளியே வந்தபோது பெருமாள்சாமிக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, "அம்புட்டுத்தேன். ஒண்ணுமில்ல" என்றார். யாருக்குச் சொன்னாரோ.

பெருமாள்சாமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சேவுகம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோனால், எடை போடுமுன் தராசுத் தட்டைக் கவிழ்த்து அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற ஆள். புதுப் பைசா வந்த வருஷம், ஆறு மாதம் அதைக் கையால் தொடாமல் பழைய காசையே கேட்டு வாங்கியவர். சொந்தப் பெண்டாட்டி காப்பியில் சீனி போட்டேன் என்றால்கூடக் கரண்டி விட்டுக் கலக்கிப் பார்த்துத்தான் நம்புவார். அப்படிப்பட்ட மனிதரிடம், போன தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய் மொட்டையடித்துக்கொண்டு வந்த பொம்மையன் தன் கதையை வேறு சொல்லித் தொலைத்தான். கன்றுக்குட்டியின் வாலைப் பிடித்துக் கோதானம் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அதே கன்றுக்குட்டி வாலை அடுத்த ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறானாம். வாங்கி வந்த ருத்திராட்சத்தை வீட்டில் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் சாயம் போய் இலந்தைக் கொட்டையாம். ஊரே சிரித்தது. பெருமாள்சாமி சிரிக்கவில்லை, பாடம் கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டார்.

அதனால்தான் ஐப்பசி அடைமழையில் கிளம்பினார். கூட்டமில்லாத நாளில் போனால் ஏமாற்றுக்காரர்களும் இருக்க மாட்டார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. அங்கேதான் கோட்டை விட்டார். கூட்டமில்லாத நாளில் அவர்கள் எங்கே போவார்கள்? பசித்துப்போய் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

மதுரையில் இறங்கி ராமேஸ்வரம் வண்டி மாறினார்கள். எதிர்ப் பலகையில் பரமக்குடிக்காரி ஒருத்தி, மடியில் பூக்கூடையோடு. அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, கதம்பத்தில் ஒரு கண்ணியைக் கிள்ளி, கேட்காமலே ஒச்சம்மாள் தலையில் வைத்துவிட்டாள். "வெறுங்கொண்டையா சாமி கும்பிடப் போவாக? புருசன் பொஞ்சாதியா சேது முழுக்குக்கா?"

ஒச்சம்மாள் வாயைத் திறக்குமுன், "ஆமா" என்று பெருமாள்சாமி முந்திக்கொண்டார். "புள்ளை வரம் கேட்டு."

சொன்ன பிறகு அவருக்கே காது சுட்டது. என்ன செய்ய? பூக்காரிதான் ராமேஸ்வரத்துத் தரகர்களுக்கு உளவோ என்னவோ! ஒச்சம்மாள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூவை எடுத்துவிடுவாள் என்று பார்த்தார்; எடுக்கவில்லை. ஒருதரம் கையை உயர்த்தி அது சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வண்டி பாம்பன் பாலத்தில் ஊர்ந்தது. கீழே கடல் கலங்கிக் கிடந்தது. தூக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார் பெருமாள்சாமி. அண்ணனோடு இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து வருஷக்கணக்காயிற்று. பொதுக் கிணற்றில் தன் முறைத் தண்ணீரை அண்ணன் ராத்திரியில் திருப்பிக்கொள்கிறான் என்று ஒரு சந்தேகம். காலையில் போய்ப் பார்த்தால் அண்ணனின் மேலக்காட்டில் ஈரம் இருக்கும். கேட்டால், "எனக்கென்னப்பா தெரியும்" என்று அண்ணன் சிரிப்பான். அந்தச் சிரிப்புத்தான் பெருமாள்சாமிக்கு ஆகவில்லை. பேச்சை நிறுத்தினார். அண்ணன் பேரைச் சொல்வதையே விட்டார். 'மேலக்காட்டுக்காரன்' என்றுதான் சொல்வார். அந்த மேலக்காட்டுக்காரன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, அவனுக்காக மாடு கட்டிக் கவலை இறைக்க ஆளில்லாத வாரத்திலும் மேலக்காட்டில் ஈரம் இருந்தது. மண்வெட்டியோடு போய்த் தோண்டினார். தன் வாய்க்கால் கரைக்கு அடியில் நண்டு வளை. தண்ணீர் தன்னால் கசிந்து போயிருக்கிறது, இத்தனை வருஷமும். அன்றைக்கு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தான்தான் செய்ய வேண்டும், அதையாவது ஒரு பயல் ஏமாற்றாமல் ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் மனசில் இருந்தது.

ராமேஸ்வரத்தில் தூறல். இறங்கினவர்கள் கொஞ்சம் பேர், சூழ்ந்துகொண்டவர்கள் அதிகம். "சத்திரமா?" "தீர்த்தமா?" "நம்ம ஊர்க்காரவுகளாட்டம் தெரியுதே!" ஒருத்தன் பையைப் பிடித்தான். இன்னொருத்தன் குடை பிடித்தான். பெருமாள்சாமி யார் கண்ணையும் பார்க்காமல் தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து, கடைசியில் ஒதுங்கி நின்ற ஒரு குதிரை வண்டியில் ஏறினார். கூப்பிடாதவன் யோக்கியனாக இருப்பான் என்று ஒரு நினைப்பு. வண்டிக்காரன் சூசைமுத்து, தங்கச்சிமடத்துக்காரன். கழுத்தில் சிலுவை. அதைப் பார்த்ததும் இவன் நம்மைப் பூசைக்கு இழுக்க மாட்டான் என்று ஒரு நிம்மதி. கூடவே, வேற்று மதத்துக்காரன் ஏன் கோயில் வாசலில் வண்டி ஓட்டுகிறான் என்று ஒரு சந்தேகம்.

"என்ன விசயமா வந்திருக்கீக?" என்றான் சூசைமுத்து.

"புள்ளை வரத்துக்கு. முழுகிட்டுப் போயிருவோம். நேரா கடக்கரைக்கு விடு. செத்த நேரத்துல திரும்பணும்."

"நல்லது நடக்கும். மாதா காப்பாத்தும்."

அக்கினி தீர்த்தக் கரையில் ஓலைக்குடைக்கு அடியில் கிழச் சாஸ்திரிகள் ஒருவர் தர்ப்பைக்கட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தார். யாரையும் கூப்பிடவில்லை, அரைத்தூக்கத்தில் இருந்தார். பெருமாள்சாமி தூரத்திலிருந்தே அவரை எடைபோட்டார். வேட்டி கிழிசல். தட்டில் காசு இல்லை. சரி, இந்த ஆள் தேவலை என்று கிட்டே போனார். அதற்குள் சூசைமுத்து, பாவம், உதவி செய்கிறோம் என்ற நினைப்பில் முந்திக்கொண்டான். "சாமி, புருசன் பொஞ்சாதி. புள்ளை வரத்துக்கு வந்திருக்காக. நல்லபடியா செஞ்சு விடுங்க."

சாஸ்திரிகள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வேட்டி நுனியையும் சேலை நுனியையும் முடிச்சுப் போடக் கை நீட்டினார். பெருமாள்சாமி துள்ளி விலகினார்.

"இல்ல சாமி, அது இல்ல. அஸ்தி கரைக்கணும்."

"யாரோட அஸ்தி?"

"எங்க அண்ணனோடது."

"இந்தம்மா?"

"அண்ணன் பொஞ்சாதி."

கிழவரின் தூக்கம் கலைந்தது. ஒச்சம்மாளின் நெற்றியைப் பார்த்தார். தலைப்பூவைப் பார்த்தார். மொட்டையடிக்காமல் வழித்துச் சீவியிருந்த பெருமாள்சாமியின் தலைமயிரைப் பார்த்தார். சோற்றுத் தூக்கோடு ஜோடி சேர்ந்திருந்த அஸ்தித் தூக்கையும் பார்த்தார்.

"உம்ம அண்ணன் எப்படிய்யா செத்தார்?"

வேலையில்லாமல் நின்ற தரகர்கள் ஒவ்வொருவராகக் கிட்டே வந்தார்கள். சூசைமுத்து சிலுவை போட்டுக்கொண்டான்.

"காய்ச்சல்ல சாமி."

"காய்ச்சல்ல போனவருக்குப் பெண்டாட்டி பூவும் பொட்டுமா வருவாளா? புருஷன் பெண்டாட்டின்னு ஏன் சொன்னீர்? நான் இந்தக் கரையில எத்தனையோ பார்த்தாச்சு. சோத்துல எதையாவது கலந்து அனுப்பிட்டு, இங்க வந்து கரைச்சுட்டுப் போற கூட்டமும் உண்டு."

"போலீஸ்காரரைக் கூப்பிடு" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பெருமாள்சாமி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் மற்றவனைக் கேட்ட கேள்விகள்தான். அத்தனையும் சேர்ந்து இப்படி முகத்துக்கு நேரே திரும்பும் என்று அவர் கண்டாரா? நிஜத்தைச் சொன்னால் எவன் நம்புவான்? தான் நம்புவாரா? நம்ப மாட்டார். ஒரு நாளும் நம்ப மாட்டார். வேறு வழி தெரியாமல் ஒச்சம்மாள் பக்கம் திரும்பினார்.

"மதினி... அழிச்சிருங்க."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஊரிலிருந்து கிளம்பிய பிறகு இப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறாள்.

"காலையில வைக்கச் சொன்னீக. இப்ப அழிக்கச் சொல்றீக. அன்னைக்கு வீட்டுல பத்துப் பொம்பளைக புடிச்சு அழிச்சாக, அதுவும் சரின்னு இருந்தேன். என் நெத்தி என்ன செவரா தம்பி? வேணுங்கும்போது பூசி வேணாங்கும்போது சொரண்டுறதுக்கு?" சுற்றி நின்றவர்களைக் கையால் காட்டினாள். "இவுக நம்பாட்டிப் போறாக. நான் அழிக்க மாட்டேன்."

சாஸ்திரிகள் தர்ப்பையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், "செத்தவர் பேரையாவது சொல்லுங்கோ" என்றார். "பேர் சொல்லாம கரைக்கப்படாது."

பெருமாள்சாமி வாயைத் திறந்தார். மேலக்காட்டுக்காரன் என்றுதான் வந்தது தொண்டைக்குள். அதை விழுங்கிவிட்டு மறுபடி திறந்தார். காற்றுதான் வந்தது.

ஒச்சம்மாள் அவர் கையிலிருந்த தூக்கை வாங்கினாள். வாங்கவில்லை, பிடுங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகாமல் அப்படியே கடலுக்குள் நடந்தாள். முழங்கால், இடுப்பு. கட்டியிருந்த துணியைப் பல்லால் அவிழ்த்தாள். புருஷன் பேரை ஒரு நாளும் வாயால் சொன்னவள் இல்லை. ரேஷன் கடையிலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுத்தான் சொல்லச் சொல்வாள். அவள், மேலக்காட்டு வரப்பில் நின்று கஞ்சிக்குக் கூப்பிடுகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"நல்லுசாமீ!"

கரையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். சாஸ்திரிகள் எழுந்து நின்றார்.

"நல்லுசாமி! ஒங்க தம்பி வந்திருக்காக. கேக்குதா? அன்னைக்கு நெனவு தப்புறவரைக்கும் வந்துட்டானா வந்துட்டானான்னு கேட்டீகளே... வந்திருக்காக. கரையில நிக்காக."

தூக்கைக் கவிழ்த்தாள்.

சாஸ்திரிகள் பெருமாள்சாமியின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். போய்யா என்றாரோ, வாய்யா என்றாரோ, காற்றில் கேட்கவில்லை. தண்ணீரில் சாம்பல் ஒரு திட்டாக மிதந்தது. ஓர் அலை அதைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்தது. மணலில் நின்ற எல்லோரும் தீட்டென்று பின்னால் நகர்ந்தார்கள். பெருமாள்சாமி நகரவில்லை. அலை அவர் பாதத்தை மூடி, விரல் இடுக்குகளில் சாம்பலை விட்டு, அவர் நின்ற மணலை அரித்துக்கொண்டு திரும்பிப் போயிற்று.