அவள் சொன்ன காரணம்

இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்தப் படத்தைப் புதுப் பிரதி போட்டு மறுபடி வெளியிட்டார்கள். காதலித்தவளையே கத்தியால் குத்துகிறவனின் கதை. வந்த புதிதில் 'வெறும் ரத்தக்களறி' என்று திட்டிய பத்திரிகைகளே இப்போது 'திரைக்கதைக்கு இதுதான் பாடம்' என்று எழுதின. படத்தின் திரைக்கதையை எழுதியவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பாராட்டு விழா அழைப்பிதழை எடுத்துக்கொண்டு தங்கையைப் பார்க்கப் போனார்.

அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவள். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. வருஷக்கணக்காகப் பின்னாலேயே அலைந்த ஒருவன் செய்த வேலை அது. படத்தின் கதையும் அவளுடையதுதான். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று அண்ணன் எடுத்துக்கொண்டார். இத்தனை நாளும் அவள் அந்தப் படம் ஓடும் தெருப்பக்கம்கூடப் போனதில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் வாசலுக்கு வந்தாள்.

"படம் பாத்தேன் அண்ணா. கூட வேலை செய்றவங்க டிக்கெட் எடுத்துட்டாங்க."

"எப்படி இருந்துச்சு?" வாய் முந்திக்கொண்டது.

"அவன் ஏன் குத்தினான்னு சின்ன வயசுலேர்ந்து காட்டியிருக்கே. தாயில்லாதவன், அடி வாங்கி வளந்தவன். எனக்கே பாவமா இருந்துச்சு. அவ ஏன் வேணாம்னு சொன்னா? அது எங்கேயும் இல்லையே."

"சினிமான்னா அப்படித்தான்மா."

"ஆஸ்பத்திரில உன்கிட்ட சொன்னேன். நீயும் நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தே. கடைசில என்னடான்னா, அவ அவன் கையப் பிடிச்சு 'நானும் உன்னைத்தான் நெனச்சேன்'னு அழறா. பக்கத்து சீட்டுக்காரி விசும்புறா. நான் எழுந்து வெளிய வந்துட்டேன்."

அழைப்பிதழை வாங்காமலே உள்ளே போய்விட்டாள்.

அந்த முடிவை எழுதச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. தானாகத்தான் எழுதினார். எழுதி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதுகூட ஞாபகம் இருந்தது.

வீட்டில் பழைய நோட்டைத் தேடி எடுத்தார். பேருந்து நிறுத்தம், கடிதங்கள், கத்தி, படுக்கையை நனைத்த ரத்தம், எல்லாம் இருந்தன. அவள் சொன்ன காரணம் மட்டும் இல்லை. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. போன் செய்தார்.

"அன்னைக்கு என்னம்மா சொன்னே?"

"எதுக்கு? அடுத்த படத்துக்கா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டாள்.

விழாவன்று அரங்கம் நிறைந்திருந்தது. கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்தாள். "ஒரு பொண்ணோட மனச இவ்வளவு துல்லியமா எப்படி சார் எழுதினீங்க?"

அவர் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"கூடப் பொறந்தவ ஒருத்தி இருக்காளே," என்றார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.