செத்துப்போன ஸ்டீயரிங்

ஜெர்மன்காரன் ஸ்டீயரிங்கைக் கொன்றுவிட்டான் என்று மூன்று வருடமாக அவர் எழுதிக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை, கார் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், 'உள்ளங்கை' என்ற தலைப்பின் கீழ். ரோடு பேசுவதில்லை, சக்கரம் என்ன செய்கிறது என்று கைக்கு எட்டுவதில்லை, பஞ்சு மூட்டையைத் திருப்புவது மாதிரி இருக்கிறது என்று விதவிதமாகப் புலம்பினார். கார் வாங்க வக்கில்லாதவர்கள்கூட அதைப் படித்துவிட்டு உச்சுக் கொட்டினார்கள்.

நம்புவதற்குக் காரணம் இருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு ஷோரூம் வாசலில், புதுக் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கியவர், வலது முன் டயரில் காற்று இரண்டு பாயின்ட் குறைவு என்றார். சிரித்துக்கொண்டே அளந்த மேனேஜர் பாதியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். சரியாக இரண்டு. அன்றிலிருந்து அவர் கைக்காரர். சோதனைக்கு வரும் காரில் உட்கார்ந்ததும் டாஷ்போர்டு திரை முழுவதையும் மறைத்து ஒரு கறுப்புத் துணியை ஒட்டிவிடுவார். திரை சொல்வதை எவன் வேண்டுமானாலும் எழுதலாம், கை சொல்வதை எழுதத்தான் தனக்குச் சம்பளம் என்பார். ஊரில் உள்ள மற்ற விமர்சகர்களுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இந்த மாதம் வந்தவை இரண்டு கூப்பேக்கள். ஒன்றுக்கொன்று ஜென்மப் பகையாளிகளான இரண்டு ஜெர்மன் கம்பெனிகளின் பிள்ளைகள். கதவு இரண்டு, விலை ஏறக்குறைய ஒன்று, குதிரைசக்தியில்கூடப் பத்துதான் வித்தியாசம். கம்பெனிப் பெயரைச் சொன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதால் நீலம், சாம்பல் என்று நிறத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது காரை ஓட்ட அவருடைய மனைவியின் தம்பி வந்திருந்தான். நாற்பது வயது. அந்த ஷோரூம் கதையைக் கேட்டுக் கேட்டே வங்கி வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன். ஆரம்பத்தில் அவனும் கார் எப்படி இருந்தது என்று எழுதிப் பார்த்தான். கைக்காரர் பென்சிலால் அடித்தார். போன வருடம் அவன் ஒரு காரின் ஸ்டீயரிங்கைப் புகழ்ந்து எழுதியபோது, ஆசிரியர் குழு மொத்தமும் உட்கார்ந்திருந்த மேசையில் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, இவனுக்கு நம்பர் வரும், கை வராது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு அளக்கிற வேலைதான். எத்தனை நொடியில் நூறைத் தொட்டது, எத்தனை மீட்டரில் நின்றது. அலுவலகத்தில் அவன் பெயரே டேப் என்றாகிவிட்டது. அக்கா புருஷன் ஆயிற்றே என்று அவனும் வாயைத் திறக்கவில்லை.

காலை ஒன்பது மணிக்கு மலைச் சாலையில் ஏறினார்கள். கைக்காரர் நீலத்தில், மைத்துனன் சாம்பலில். உச்சியில் கார்களை நிறுத்தியதும் கைக்காரர் இறங்கி, நீலம் பிணம் என்று தீர்ப்புச் சொன்னார். சாம்பலும் அப்படித்தான் இருக்கும், ஓட்டிப் பார்ப்பது சம்பிரதாயத்துக்காக என்றார். மைத்துனன் தயங்கிவிட்டு, சாம்பல் அப்படி இல்லை என்றான்.

"வளைவுக்குள்ள போறப்ப ஸ்டீயரிங் லேசா கனக்குது மாமா. டயரோட பிடி போகப்போகுதுன்னா முன்னாடியே இளகுது. ரோட்ல தார் ஒட்டு போட்ட இடம்கூட விரலுக்கு வருது."

அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் அவருக்குப் பிடிக்கவில்லை. பிரேக் பிடித்து எத்தனை மீட்டரில் நின்றது என்று கேட்டார். அவன் எண்ணைச் சொன்னான். அதை மட்டும் குறித்து வை என்றார்.

இறங்கும்போது சாம்பலை அவர் ஓட்டினார். நேரம் குறிக்க மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்தான். நீலத்தைப் புகைப்படக்காரர் பின்னால் கொண்டுவந்தார். மூன்றாவது வளைவு தாண்டியதும் மணி ஒன்று அடித்து ஓய்ந்தது. யார் பெல்ட்டோ கழன்றிருக்கிறது என்று நினைத்தார். துணிக்கு அடியில் திரை என்ன சொன்னது என்று யாருக்கும் தெரியாது. ஆறாவது வளைவில் மைத்துனன் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு, வண்டி இடதுபக்கம் இழுக்கிறதே, தெரியவில்லையா என்று கேட்டான். தெரிகிறது, அதுதான் இந்தக் காரின் லட்சணம் என்றார்.

தெரியவில்லை. கையை இறுக்கிப் பார்த்தார், தளர்த்திப் பார்த்தார். தோல் சுற்றிய அந்த வளையம் கையில் இருக்கிறது என்று கண்தான் சொன்னது.

"மாமா, நிறுத்துங்க," என்றான் மைத்துனன். அவன் அவரிடம் கட்டளையாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

இடது முன் டயரில் ஒரு ஆணி. டயர் பாதி உட்கார்ந்திருந்தது. மைத்துனன் காற்றளவுக் கருவியை வைத்து அளந்தான். முப்பத்தாறு இருக்கவேண்டிய இடத்தில் பதினேழு. இரண்டு பாயின்ட்டைக் கண்டுபிடித்த கை பத்தொன்பதைக் கோட்டை விட்டிருந்தது. சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும். புகைப்படக்காரர் கொஞ்சம் தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தது கைக்காரரின் அதிர்ஷ்டம்.

ரிம்முக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காட்டுவதற்காகக் குனிந்து சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே வலது கையை விட்டார். எட்டு கிலோமீட்டர் இறக்கத்தில் பிரேக் பிடித்து வந்த சக்கரம். உள்ளே இருந்த பிரேக் தட்டு தோசைக்கல்லாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கை அதன் மேல் இருக்க, ரிம் நன்றாகத்தான் இருக்கிறது என்று பேசிக்கொண்டே இருந்தார். கருகிய வாடை வந்த பிறகுதான் மைத்துனன் பார்த்தான். முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தான். உள்ளங்கையின் ஓரமும் மூன்று விரல் நுனிகளும் வெளுத்து உரிந்திருந்தன.

"வலிக்கலையா?"

"வலிக்குது," என்றார். அந்தப் பொய்யும் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

மைத்துனன் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நாளாக என்று கேட்டான். கணக்கு அவருக்கே தெரியும். செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கத் தொடங்கி மூன்று வருடம். மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருடைய சர்க்கரை ரிப்போர்ட்டைத் தானே கொண்டுவந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டுவாள். அவர் அதன் மேல் மின்சாரக் கட்டண ரசீதை ஒட்டுவார். சட்டைப் பொத்தான் மாறிப் போவது வயதால், டம்ளர் நழுவுவது டம்ளரால், ஸ்டீயரிங் பேசாதது ஜெர்மன்காரனால். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ஆடத் தெரிந்தவர், அதுதான் கொடுமை. கை மரத்துப்போன பிறகும் கூடத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார், ஊரே தலையாட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சேர மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் வைத்து மனைவி கட்டுப் போட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. நாலு மணிக்குள் கட்டுரை போகவேண்டும், ஆசிரியர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். வலது கையால் தட்ட முடியாது. மைத்துனன் மடிக்கணினியைத் திறந்து எதிரே உட்கார்ந்தான்.

உண்மையை எழுதிவிடலாம் என்றான் அவன். கெஞ்சலாகத்தான் சொன்னான். மூன்று வருடமாகத் தப்பு காரில் இல்லை, கையில் இருந்தது என்று நாலு வரி. படிக்கிறவர்கள் மதிப்பார்கள். அதைச் சொல்லும்போது அவன் தன்னைப் பற்றியும்தான் சொல்கிறான் என்பது அவருக்குப் புரிந்தது. பென்சிலால் அடித்த அத்தனை பக்கங்களும் சரியானவை என்று அந்த நாலு வரி சொல்லிவிடும்.

அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார். "போடு. மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு ஜெர்மன் ஸ்டீயரிங் என் உள்ளங்கையோடு பேசியது. வளைவுக்குள் போகும்போது லேசாகக் கனக்கிறது. பிடி போகுமுன் இளகுகிறது."

மைத்துனன் தட்டவில்லை. "அது நான் சொன்னது, மாமா."

"ஒன் பேர்ல வந்தா யாருடா படிப்பான்?"

இதில் பொய் ஒன்றும் இல்லை, அதனால்தான் அது அவனை அப்படி அடித்தது. படிக்கமாட்டார்கள். அப்படி ஆக்கி வைத்தவரும் அவர்தான். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தக் கடைசிப் பக்கம் போய்விட்டால் தான் யார் என்ற பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். மூன்று வருடமாக இந்த வீட்டில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவள். பஞ்சையும் கத்தரிக்கோலையும் டப்பாவில் போட்டு மூடினாள். வேலையில்லாமல் இந்த மனுஷன் நாளெல்லாம் இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை அவள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"டைப் பண்ணுடா," என்றாள், தம்பியின் முகத்தைப் பார்க்காமல்.

அவன் தட்டினான். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல், அவர் சொல்லச் சொல்ல. தார் ஒட்டு விரலுக்கு வருவதும் கட்டுரைக்குள் போனது. சாம்பல் முடிந்ததும் அவர் நின்றார். நீலத்தைப் பிணம் என்று இனி எழுத முடியாது. அளவெடுப்பதற்காக அதை நேற்று ஓட்டியவன் மைத்துனன்தான். நீலம் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டார்.

மைத்துனன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். "நீலம் கைக்கு ஒண்ணும் சொல்லாது. முதுகுக்குச் சொல்லும். பின்பக்கம் நழுவ ஆரம்பிக்கிறது சீட்லயே தெரியும்."

நல்ல வாக்கியம். அவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வாயைத் திறந்தார்.

"இனிமே நான் பொய் சொன்னாலும் ஒங்களுக்குத் தெரியாது, மாமா," என்றான் அவன். கோபமே இல்லை குரலில்.

"நீ சொல்லமாட்டே."

அவர் அவன் கண்ணைப் பார்த்தார். இத்தனை வருடம் சாப்பாடு போட்டவரைப் பார்க்கும் கண்ணா, பென்சிலால் அடித்தவரைப் பார்க்கும் கண்ணா என்று தெரியவில்லை. இப்போது நீலத்தைப் பற்றிச் சொன்னது நிஜம்தானா என்று கேட்டார்.

"போடவா, வேணாமா?" என்றான் மைத்துனன்.

ஆசிரியர் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார். போன் மேசையில் அதிர்ந்துகொண்டே நகர்ந்து அவர் விரலில் வந்து முட்டியதை அவர் கண்ணால் பார்த்தார்.

"போடு," என்றார்.