முகத்துவாரத்தை வெட்டிய ஞாயிறு

பட்டினப்பாக்கத்துச் சின்ன மாதா கோயிலில் ஞாயிறு பூசை நடந்துகொண்டிருந்தது. பழமும் மெழுகுவர்த்தியும் ஏந்திக் காணிக்கை கொடுக்கப் போனவர்களின் பின்னால் ஜாஸ்மினும் போனாள். அவள் கையில் மீன் கூடை. உள்ளே செத்து ஊதிப்போன மடவை மீன்கள். நாற்றம் தாங்காமல் முன்வரிசைக்காரர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

அவள் புருஷன் மிக்கேல் அடையாற்றின் முகத்துவாரத்தில் வலை வீசுகிறவன். அவன் பிடித்து வருவதை அவள் விற்பாள். அந்த வருஷம் மழை பொய்த்தது. ஆறு கடலில் சேரும் இடத்தை மணல் அடைத்துக்கொண்டு, கடல் தண்ணீரை உள்ளே விடவில்லை. நகரத்துச் சாக்கடை மட்டும் நிற்காமல் வந்து விழுந்தது. சனிக்கிழமை காலை ஆறு முழுக்க மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. மிக்கேல் கரையில் உட்கார்ந்தவன், வீட்டுக்கு வந்தும் யாரோடும் பேசவில்லை.

பூசைக்கு உதவி செய்யும் கோயில்பிள்ளை கூடையைப் பிடுங்க வந்தார். பங்குச் சாமியார் அவரைத் தடுத்துவிட்டு, என்ன இது என்று ஜாஸ்மினைக் கேட்டார்.

"மழைக்காக செபமாலை சொல்லச் சொன்னீங்க, சொன்னோம். இது மழை இல்லாம மட்டும் சாவல ஃபாதர். ஊரு பீயெல்லாம் ஆத்துல வுட்டு சாவடிச்சிருக்காங்க. இத்த ஆண்டவர் சித்தம்னு மட்டும் சொல்லாதீங்க."

சாமியார் குனிந்து கூடைக்குள் பார்த்தார்.

"சொல்லமாட்டேன்" என்றார்.

அதுவும் அவளுக்குப் போதவில்லை. பூசை முடியுமுன் வெளியேறி, வீட்டிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராக முகத்துவாரத்துக்குப் போனாள். வெயிலில் தனியாக மணலை வெட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் மாதாவைத் திட்டினாள். உன் பிள்ளைக்கு மீன் பிடிக்கிறவன்தானே சிநேகிதன், பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாயே என்று கேட்டாள். தொண்டை கட்டும்வரை திட்டினாள். எதிரே யாரோ நின்று கேட்பதுபோலத்தான் அத்தனையும் பேசினாள். அது அவளுக்கே உறைத்தபோது மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அழுதாள். கேட்க ஆள் இல்லை என்று நினைத்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

பக்கத்துக் குடிசை கங்கம்மா கடப்பாரையோடு வந்தாள். கடலம்மாவுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு, அவளும் வெட்டினாள். பூசை முடிந்து மற்றவர்களும் வந்தார்கள். மிக்கேலும் வந்தான். சாமியார் அங்கியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு மணல் சுமந்தார். ஜாஸ்மின் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

சாயங்காலம் மணல் உடைந்தது. கருப்புத் தண்ணீர் இரைந்துகொண்டு கடலுக்கு ஓடியது. அப்புறம் அலை ஏறி, நுரையோடு உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் புகுந்தது. மிக்கேல் அதைக் கையில் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். இரண்டு நாளாகப் பேசாதவன், "தண்ணி சில்லுனு கீது" என்றான்.

அந்த வாரமே மணல் மறுபடி சேர்ந்தது, மறுபடி வெட்டினார்கள். பூசைக்கு ஜாஸ்மின் திரும்பப் போனாள், ஆனால் அவள் செபமெல்லாம் சண்டையாகவே இருந்தது. ஒரு நாள் கங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு, சாக்கடைக் குழாய்க்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி நிமிராமலே, அடுத்த மாதம் வரச் சொன்னார்.

ஜாஸ்மின் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"மீனுக்கு அடுத்த மாசம் இல்ல சார். நாங்க இங்கயே கீறோம்."